பதினாறாம் வாய்ப்பாடும் ஒரு பந்தயப் படகும்

நம் வயதுக்காரிகள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முட்டிவலியில் ஆரம்பித்துப் பிள்ளைகளின் செல்போனில் போய் முடியும். நடுவில் யாராவது ஒருத்தி, "ஏண்டி, நீ எங்க இருக்கும்போது வயசுக்கு வந்தே?" என்று எடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் என்பாள் ஒருத்தி. கல்யாண வீட்டில், பந்தியில் என்பாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரிப்பீர்கள். என் முறை வருகிறபோது நான் காபி போட எழுந்துபோய்விடுவேன். கவனித்திருப்பீர்கள், கேட்காமல் விட்டது உங்கள் நல்ல குணம்.

ஓடுகிற பந்தயப் படகின் முன்முனையில் உட்கார்ந்து, பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் வயசுக்கு வந்தேன். இப்போது நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிப்பதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இவ்வளவு அகலமில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தின் ஓரத்தில் அப்பா மெக்கானிக் கொட்டகை போட்டிருந்தார். அப்பா மீனவர் இல்லை. அச்சரப்பாக்கம் பக்கம் அடுத்தவர் கழனியில் வேலை செய்த குடும்பம். அவர் மட்டும் செங்கல்பட்டில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொண்டு கடற்கரைக்கு வந்தவர். முதலில் மொபெட் பார்த்தார். பிறகு குப்பத்தில் ஃபைபர் படகுகளும் அவற்றின் வாலில் மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின்களும் வர, அவற்றைப் பிரித்துப் பிரித்தே வேலை தெரிந்துகொண்டார். சுற்று வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. அந்தக் குப்பத்துக்கு நாங்கள் வேண்டியவர்கள், ஆனால் அந்தக் குப்பத்தார் இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

வெல்டிங் வெளிச்சம் பார்த்துப் பார்த்து அப்பாவுக்குக் கண் கெட்டிருந்தது. போல்ட்டு நட்டெல்லாம் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். நிறம் மட்டும் பிடிபடாது. அதனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும், "இன்னா கலரு பாரு" என்று என்னிடம் நீட்டுவார். பிளக்கின் நுனி கறுத்திருந்தால் இன்ஜின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது. டீக்கடைப் பொறை ரொட்டி மாதிரி இளம்பழுப்பாக இருந்தால் சரியாக ஓடுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மற்றப் பெண்கள் பாண்டி ஆடிக்கொண்டிருந்த வயதில் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் தலைக்கனமே உண்டு.

காணும் பொங்கலன்று குப்பங்களுக்குள் படகுப் பந்தயம் நடக்கும். கடலுக்குள் கொடி கட்டி விட்டிருக்கும் மிதவையைச் சுற்றிவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். படகுக்கு இரண்டு ஆள். போன வருஷம் வடக்குக் குப்பத்திடம் எங்கள் குப்பம் தோற்றிருந்தது. தோற்ற படகின் சொந்தக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் மாமா தன் இன்ஜினைத் தோளில் தூக்கிவந்து கொட்டகையில் இறக்கினார்.

"இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது அண்ணாத்த. இந்த வாட்டி அவனுங்க என் முதுகப் பாத்துகினு வரணும்."

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அதுவரை ரிப்பேருக்குத்தான் அவரைத் தேடி வந்தார்கள். ஒன்றைப் புதிதாகச் செய்து தரும்படி யாரும் கேட்டதில்லை. அடுத்த நாளே ஹெட் என்கிற இன்ஜின் மூடியைக் கழற்றிப் பழைய லுங்கியில் சுற்றி, என் மடியில் வைத்துச் செங்கல்பட்டுக்குப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே லேத்தில் கொடுத்து அதைக் கொஞ்சம் சீவி எடுத்தார்கள். உள்ளே இடம் குறைந்தால் இன்ஜின் இன்னும் முறுக்கமாக அடிக்கும். சிலிண்டரின் துவாரங்களை அப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பு வரை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பார். மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெட்ரோலுக்கு மாற்றினார். தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம்மில் இன்ஜினைத் தொங்கவிட்டுக் கயிற்றை இழுத்தால், அது போடுகிற கூச்சலில் கொட்டகைக் கூரையிலிருந்து காக்கைகள் பறக்கும். அம்மாவின் சோற்றிலும் பெட்ரோல் வாசனை வந்தது.

டிரம்மில் ஓடினால் போதாது, தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடலில் ஓட்டினால் வடக்குக் குப்பத்துக்காரர்கள் பார்த்துவிடுவார்கள். அதனால் ஊருக்குப் பின்னால் ஓடும் பக்கிங்காம் கால்வாயில் விடியற்காலையில் ஓட்டுவதென்று முடிவாயிற்று. மழைக்குப் பிறகு கால்வாயில் தண்ணீர் நிறைந்திருந்தது. படகின் முன்முனையை அங்கே அணியம் என்பார்கள். வேகம் பிடித்ததும் அணியம் மேலே தூக்கிக்கொள்ளும். யாராவது அங்கே உட்கார்ந்து அழுத்தினால்தான் படகு படுத்து ஓடும். மாமாவின் மகன் அதற்கென்றே இருந்தான். என் வகுப்புதான், என் எடைதான். ஆனால் அவனுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. மணல் மூட்டை வைத்துப் பார்த்தார்கள். திருப்பத்தில் மூட்டை சரிந்தது.

அப்பாவின் கண் என்மேல் விழுந்தது. மாமா தயங்கினார்.

"பொட்டப் புள்ளய படகுல ஏத்தறதா?"

"அது இன்னும் சின்னப் புள்ள தானே. பையன் எழுந்து வர்ற வரைக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. வயசுக்கு வராத பிள்ளையென்றால் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்படித்தான் நான் ஏறினேன்.

அந்தக் காலைகளை என்னால் வெறுக்க முடியவில்லை. உப்பளத்து நாற்றம், தண்ணீர்மேல் நீலமாகப் படிந்து நிற்கிற புகை, சத்தம் கேட்டு எழும்பிப் போகிற நாரைகள். மாமா பின்னால் இன்ஜின் கைப்பிடியில். அப்பா நடுவில், படகின் பக்கவாட்டில் காதை வைத்தபடி. "முன்னாடி" என்றால் நான் அணியத்தை நோக்கி நகர வேண்டும். "பின்னாடி" என்றால் பின்னால் வர வேண்டும். வேகத்தை அளப்பதும் நான்தான். அப்பாவின் கைக்கடிகாரத்தில் நொடிமுள் கிடையாது. பாலத்தைத் தாண்டியதும் நான் பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பிப்பேன். ஒரே சீராக ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போவேன். உப்புக் கிடங்கு வரும்போது எந்த வரியில் இருக்கிறேனோ அதுதான் அன்றைய வேகம். முதல் நாள் பதினாறு பத்து வரை போயிற்று. போகப் போகப் பதினாறு எட்டு, நூற்று இருபத்தெட்டிலேயே கிடங்கு வந்துவிட்டது. அப்பா முழு வேகத்தில் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, பிளக்கைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கை சுட்டது. பொறை நிறம்.

"மாமா, செயிச்சிடுவோம்" என்றேன். அந்த "வோம்" அவ்வளவு இயல்பாக என் வாயில் வந்தது.

அதற்கு மறுநாள் எனக்கு அடிவயிறு வலித்தது. அதிர்வில் ஏற்படுகிற வலி என்று நினைத்தேன். படகு அப்படி அடிக்கும். வாய்ப்பாடு சொல்லி முடித்து இறங்கும்போது பாவாடை ஈரமாக இருந்தது. அணியத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் தெறிப்பது வழக்கம்தானே. வீட்டுக்குப் போனதும் அம்மா பார்த்தாள். என்னை அப்படியே சுவரோரம் நிறுத்திவிட்டு அடுப்பை அணைத்தாள்.

கொல்லையில் பச்சை ஓலையில் ஒரு குச்சு கட்டினார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும். ஆண் முகம் பார்க்கக் கூடாது. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கொட்டகையில் இன்ஜின் ஓடுகிறது, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அதுதான் பெரிதாக இருந்தது. கயிறு இழுக்கிற சத்தத்தை வைத்தே இன்று என்ன செய்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கொல்லைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். இனிமேல் என்னோடு பேசவே மாட்டாரோ என்ற பயம் அந்த ஓலைக்குள்தான் பிடித்தது.

மாமாவின் மகனுக்குத் தலைக்கு ஊற்றி, அவன் படகில் என் இடத்தில் உட்கார்ந்தான். இதற்கிடையில் மாமா, படகு கிளம்பும்போது எடுப்பு போதவில்லை என்று குறை சொல்லியிருக்கிறார். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற வழியில் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். மூக்குத்தித் திருகாணி அளவுதான், நடுவில் ஊசித் துளை. பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் இன்ஜின் சுறுசுறுப்பாக எடுக்கும் என்று அப்பா துளை சின்னதாக உள்ள ஜெட்டை மாற்றிப் போட்டார். ஓட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் ஒரு மாலை குச்சுக்குப் பின்னால் அப்பாவின் செருமல் கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓலை இடுக்கு வழியாக ஒரு பிளக்கை உள்ளே உருட்டிவிட்டார்.

"இன்னா கலரு பாரு."

"வெள்ளையா கீதுப்பா."

"நல்லாப் பாரு."

"சுண்ணாம்பு மாரி கீது."

"ஆனா வேகம் தூக்கிடுச்சு. பையன் பதினாறு ஆறு சொல்லச் சொல்லவே கெடங்கு வந்துடுச்சு. ஒரு பந்தயம் தாங்கும்" என்றார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியவில்லை. போய்விட்டார்.

எனக்கு அப்போதே புரிந்தது. அந்தப் பையனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வராது. பதினாறு ஐந்து எண்பதுக்கு மேல் நின்று விழிப்பான்; அதற்காக வகுப்பில் அவன் அடி வாங்காத வாரம் கிடையாது. படகு வேகமாகப் போகவில்லை, அவன் மெதுவாகச் சொல்லியிருக்கிறான். சாப்பாடு கொண்டுவந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பாகிட்ட சொல்லும்மா. பழைய ஜெட்டே போடச் சொல்லு."

"நீ இனிமே மிஷினப் பத்திப் பேசறத வுடு" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தலையைத் தடவித்தான் சொன்னாள்.

காணும் பொங்கலுக்கு முதல் நாள் எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்தார்கள். பந்தயத்துக்கு அனுப்பவில்லை. ஊரே கடற்கரையில் இருந்தது, நான் புதுத் தாவணியில் வாசலில். ஆனால் எல்லாம் கேட்டது. பத்து இன்ஜின் ஒன்றாக ஓடினாலும் எங்களுடையதை எனக்குத் தெரியும். அது முன்னே போனது. மற்றவை பின்னால் தேய்ந்தன. கொடியைச் சுற்றித் திரும்புகிறது என்பதும் தெரிந்தது. கரையில் கூச்சல் எழும்பியது. பிறகு அந்தச் சத்தம் சட்டென்று உயர்ந்து, இரும்பை இரும்பில் தேய்த்த மாதிரி ஒரு கிறீச்சல் கேட்டு, நின்றுபோயிற்று. மற்ற இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டி வந்தன.

இன்ஜினைத் தார்ப்பாயில் மூடிக் கொட்டகையில் போட்டார்கள். அப்பா அதைப் பிரிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வலை பின்னுகிற கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. ஆண்கள் உள்ளே, பெண்கள் வேலிக்கு வெளியே. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

குப்பத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் நிதானமான மனிதர். "மிஷின்ல எதுனா கோளாறா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு நாட்டாரே."

"தெறந்து பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இன்னாதான் ஆச்சு, செயிச்சிகினு வந்த படகு?"

மாமா தலையைச் சொறிந்தார். அவர் கெட்டவர் இல்லை, மறைத்து வைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். "சொல்லாம இருந்தா தப்பு. பையன் அம்மையில படுத்திருந்தப்ப இவரு பொண்ணுதான் அணியத்துல குந்தினு வந்துச்சு" என்றார். வேலிக்கு வெளியே சலசலப்பு. மாமாவின் மனைவி விரல் விட்டு நாள் எண்ணினாள். "குச்சு கட்டின அன்னிக்குக் காத்தால கூட ஏறியிருக்குது. படகுலயே ஆயிருக்குதே, கடலம்மா பொறுப்பாளா?" என்றாள். எல்லா முகமும் என்மேல் திரும்பியது. எனக்கு உடம்பையே எங்காவது கழற்றி வைத்துவிடலாம் போலிருந்தது.

நாட்டார் அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பிளக் வெளுத்திருந்ததை, ஜெட் மாற்றியதை. ஒரு வாக்கியம் போதும்.

"சின்னப் புள்ளன்னு நெனச்சி ஏத்திட்டேன்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. "தப்புதான். மன்னிச்சுக்கணும்."

அவர் கணக்கு இன்று எனக்குப் புரிகிறது. இன்ஜினைக் கெடுத்தவன் என்று பெயர் வந்தால் அடுத்த நாள் ஒருத்தரும் கொட்டகைக்கு வரமாட்டார்கள். வெளியூர்க்காரன், பிழைக்க வந்தவன். மகள் தீட்டு என்றால் மஞ்சள் தண்ணீரோடு போய்விடும். சின்னத் தப்பை ஒப்புக்கொண்டு பெரிய தப்பிலிருந்து தப்பித்தார். அப்படித் தப்பிய கொட்டகையின் சம்பாத்தியத்தில்தான் நான் படித்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படகைக் கழுவி விடச் சொல்லித் தீர்ப்பானது. அம்மாதான் கழுவ வேண்டும். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக அம்மா சுமந்துபோய்ப் படகின்மேல் ஊற்றினாள். கரையில் படகுகள் நிற்கும் இடத்துக்கு நான் இனி வரக்கூடாது என்றார்கள். அதனால் அந்த எல்லை வரைக்கும் குடத்தைக் கொண்டுபோய் நான் கொடுக்க, அங்கிருந்து அம்மா வாங்கிப் போனாள். அணியத்தில் மட்டும் கற்பூரம் கொளுத்தினார்கள். அம்மாவின் புடவை முழுக்க மஞ்சள். ஒவ்வொரு தடவையும் குடத்தை வாங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் எல்லாம் தெரியும்.

எனக்கு எது உண்மை என்று தெரியாது என்று சொல்ல முடியாது. பிளக்கை நான் பார்த்தேன். ஆனாலும் இரண்டையும் நம்பினேன். ஜெட்டால்தான் நின்றது, என்னாலும்தான் நின்றது. பன்னிரண்டு வயதில் இரண்டுக்கும் மனதில் இடம் இருந்தது. இப்போது பொத்தேரியில் பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். பிள்ளைகளை முட்டுக்காட்டுக்குப் படகுச் சவாரிக்கு அழைத்துப் போகிறபோதெல்லாம் எனக்குத் தலைவலி வந்துவிடும். அவர்களுடைய பைகளை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்களுக்கு எவ்வளவோ தைரியம் சொல்கிறவள்.

இத்தனையும் என் வெட்கத்தில் பாதிதான். மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

படகு கழுவிய மறுநாள் காலை அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். கொட்டகையிலிருந்து அப்பா கூப்பிட்டார். குச்சு கட்டியதிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஓடினேன். தார்ப்பாயை எடுத்திருந்தார், ஹெட்டைக் கழற்றியிருந்தார். கருகின எண்ணெய் வாசனை.

"கண்ணு தெரியல. உள்ள இன்னா கீதுன்னு பாரு."

குனிந்து பார்த்தேன். "பிஸ்டன்ல ஓட்டப்பா. நடுவுல."

"பெரிசா?"

"சுண்டுவிரல் போவுது."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "வேகம் கூடுச்சே. அதான் நம்பிட்டேன்" என்றார்.

"கூடலப்பா. அவனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வராது. திக்கித் திக்கித்தான் சொல்லியிருப்பான்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லியிருக்கலாமே."

"அம்மாகிட்ட சொன்னேன்."

அப்பா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும். பிறகு தாழ்ந்த குரலில், "இது நமக்குள்ளவே இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"சரிப்பா."

"குந்து. இந்த போல்ட்டெல்லாம் பெட்ரோல்ல கழுவு."

உட்கார்ந்தேன். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவினேன். அப்பா கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தேன். வழியில் போனவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. அப்பா என்னிடம் மறுபடி பேசிவிட்டார். ஊருக்கே தெரியாத ஒன்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அப்பாவுக்காக வெட்கப்பட்டு ஓய்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த ஒரு நாள் சந்தோஷத்தை நினைத்தால் மட்டும், இன்னும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.